பாப்பா படம் இல்லாத பேனர்

என் மகளின் வாட்ஸ்அப்பில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாமரைப்பூ இருக்கும். அந்தப் பூவை வைத்தது என் அண்ணன். ஒன்பதாம் வகுப்புப் பாடமெல்லாம் போனில்தான் அனுப்புகிறார்கள் என்று அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். அன்றைக்கே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். "பொம்பளப் புள்ள மூஞ்சிய போன்ல வெக்கலாமா? எவனாவது அந்த மூஞ்சிய வெட்டி எடுத்து வேற எவ உடம்புலயாவது ஒட்டிடுவான்" என்று சொல்லி, அவள் சிரித்துக்கொண்டிருந்த படத்தை எடுத்துவிட்டுத் தாமரையை வைத்தார். நாங்களும் சரி என்றோம். அண்ணன் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். உப்பு ஏற்ற லாரியும் பிடித்துக் கொடுப்பார். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. இங்கிருந்து பெருமுக்கல், திண்டிவனம் வரைக்கும் இருக்கிற சொந்தபந்தம் அத்தனை பேரையும் பிடித்துப் போட்டு ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறார். காலையில் சாமி படம், மத்தியானம் ஒரு பொன்மொழி. வாரத்துக்கு ஒரு முறை, பெண் பிள்ளைகளின் போட்டோ இணையத்தில் என்ன கதி ஆகிறது என்று கரகரத்த குரலில் ஒரு எச்சரிக்கை. கெட்ட மனிதர் இல்லை. உப்பளத்தில் என் வீட்டுக்காரருக்குக் கால் புண்ணாகி வேலைக்குப் போக முடியாமல் கிடந்தபோது, எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணன் அனுப்பிய அரிசியில்தான். அதனால்தான் அவரோடு சண்டை போடுவது அவ்வளவு கஷ்டம். கெட்டவனாக இருந்தால் ஒரே போடாகப் போட்டிருப்பேன்.

நான் ஆரோவில் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கிறேன். அறை சுத்தம் செய்வது, விரிப்பு மாற்றுவது, காபி கொடுப்பது. வாசலில் மூன்று மொழியில் பலகை இருக்கும்: கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் அம்மா என்னை உட்கார வைத்து, எந்த அறையில் யார் இருக்கிறார்கள், யாரோடு வந்தார்கள், மேஜைமேல் என்ன மாத்திரை இருக்கிறது என்பதையெல்லாம் வெளியில் பேசக் கூடாது, அதற்குப் பேர் பிரைவசி என்றார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப தெனம் வேலைக்குப் போயிட்டு வந்து எங்கிட்ட என்னாத்த பேசுவ?" என்று கேட்டார் மனிதர். நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அந்தரங்கம் என்ற வார்த்தையை நாங்கள் அதுவரை பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டிய லாட்ஜ் டாக்டர் நோட்டீசில் மட்டும்தான் பார்த்திருந்தோம்.

அந்த விடுதியில் ஒரு நாள் மெத்தைக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். "அம்மா, வந்துடுச்சு" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை, விரிப்பின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. "அம்மா, யார்கிட்டயும் சொல்லாத. மாமாகிட்ட சொல்லவே சொல்லாத" என்றாள்.

சத்தியமாக நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன், பெற்ற அப்பன் இல்லையா? கால் முழுக்க உப்பு காய்ந்து வெளுத்திருந்த மனிதர், காலைக்கூடக் கழுவாமல், "பால் வாங்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினார். பால் வரவில்லை. அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. கேட்டதற்கு, "தாய்மாமன்கிட்ட சொல்லாம இருக்க முடியுமா? பச்ச ஓலை கட்ட வேண்டியது அவருதானே?" என்றார். அதுவும் நியாயம்தான். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன்தான் தென்னை ஓலை வெட்டி வந்து குச்சு கட்ட வேண்டும், அது அவருடைய உரிமை.

ஓலை வருவதற்குள் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. எங்கள் இல்லத்து மகாலட்சுமி பூப்பெய்தினாள் என்பதை மட்டற்ற மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று போட்டு, கீழே பட்டாசு, கிரீடம், கும்பிடும் கை. சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கைதட்டினார்கள். பெருமுக்கலில் எங்கள் சித்தப்பா ஒருவர் இருக்கிறார், எந்தச் செய்தியையும் படிக்க மாட்டார், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் போடுவார். இதற்கும் போட்டார்: ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி. என் மகளும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள், தாமரைப்பூவாக. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "சித்தப்பா தாத்தா மட்டுந்தாம்மா கரெக்டா போட்டிருக்காரு" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். மறுநாள் அண்ணன் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். பேனர் டிசைன். சடங்குக்கு முன்னாடியே பஸ் ஸ்டாப்பில் கட்டப்போவது. பின்னால் ஏதோ வெளிநாட்டு அருவி, பக்கத்தில் மயில், மேலே மஞ்சள் நீராட்டு விழா என்று கொட்டை எழுத்து, நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு என் மகள். அவள் அப்பா அனுப்பிய பள்ளிக்கூட அடையாள அட்டை படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, நகையும் பட்டுப்புடவையுமாக நின்ற யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். நான் வாயைப் பிளந்துவிட்டேன். எவனாவது செய்துவிடுவான் என்று அண்ணன் வாரா வாரம் பயமுறுத்திய காரியத்தை, அண்ணனே ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கியிருந்தார். இதைத்தான் வேலியே பயிரை மேய்வது என்று சொன்னார்கள்.

மகளிடம் காட்டினேன். முகம் செத்துப்போய்விட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் பெண் ஒருத்திக்கு இப்படித்தான் பேனர் வைத்தார்களாம். பையன்கள் அதைப் போனில் படம் பிடித்து, முகத்தை மட்டும் வெட்டி, கீழே ஏதோ எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்களாம். நாளைக்கு லீவா என்று யார் கேட்டாலும் அந்த ஸ்டிக்கர்தான் பதிலாக வருமாம். என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டேன், அவள் சொல்லவில்லை. அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டு இப்போது திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள்.

"பேனர் வெச்சா நான் ஸ்கூலுக்குப் போவ மாட்டம்மா. அந்த பஸ் ஸ்டாப்புலதான் தெனம் நான் நிக்கணும்" என்றாள். மிரட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் நான் இரண்டு அடி போட்டிருப்பேன். அவள் முடிவு செய்துவிட்டவளைப் போல மெதுவாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் நான் பத்தாவதோடு நின்றவள், உப்பு வாரத்தான் போனேன். இவளும் நின்றுவிட்டால் அதே உப்புப் பாத்திதான்.

அண்ணனிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "சின்னப் புள்ள, வெக்கப்படுது. வெக்கப்பட்டாத்தானே பொண்ணு."

"அண்ணா, போன்ல மூஞ்சி வெக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அது போனு. இது பேனரு."

"ரெண்டுலயும் மூஞ்சிதானே இருக்குது?"

"போன்ல கண்டவன் பாப்பான். இத நம்ம ஜனம் பாக்குது. ஊருல எல்லார் வீட்டு பேனர்லயும் நான் கும்பிட்டுட்டு நிக்கிறேன். சொந்தத் தங்கச்சி பொண்ணுக்கு வெக்கலன்னா நாளைக்கு எவன் என்னை மதிப்பான், சொல்லு?"

நம்ம ஜனமாம்! எங்கள் பஸ் ஸ்டாப் இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில். சனிக்கிழமை ஆனால் மெட்ராஸில் இருக்கிற கார் பாதி பாண்டிச்சேரிக்குக் குடிக்கப் போவது அந்த வழியாகத்தான்.

சரி, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்போம் என்று பார்த்தேன். நல்ல நேரமோ கெட்ட நேரமோ, எங்கள் விடுதிக்கு அப்போது சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்து தங்கியிருந்தார். இணையத்தில் மக்களின் சொந்த விவரங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று பக்கத்தில் எங்கோ கூட்டம், அதில் பேச வந்தவர். சர்க்கரை இல்லாத காபியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"ரொம்ப நல்ல கேள்விம்மா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "புதுசா சட்டம் வந்திருக்கு. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்க விவரத்தை ஒரு கம்பெனி எடுக்கணும்னா, அப்பா அம்மா சம்மதம் வாங்கியே ஆகணும்."

"சம்மதம் குடுத்ததே அவங்க அப்பாதாங்க சார். போட்டோவையும் அவரேதான் அனுப்பி வெச்சாரு."

அவர் காபியை ஒரு வாய் குடித்தார். "அது வந்து, குடும்பத்துக்குள்ள, சொந்தக் காரியத்துக்குச் செய்யறதெல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ள வராதும்மா."

"ரோட்டுல வெக்கறது குடும்பத்துக்குள்ளயாங்க சார்?"

"அதைப் பத்தித்தான் நாங்க பேசிட்டிருக்கோம்" என்றார். மரியாதையாகப் பேசினார், அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. பேசி முடித்தால் ஒரு வழி சொல்லுவார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வரவேற்பில் இருக்கிற பெண் என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினாள். காபித் தட்டோடு நான் நிற்கிறேன்! எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. கீழே இங்கிலீஷில் நீளமாக எழுதியிருந்தார். அவள் படித்து அர்த்தம் சொன்னாள். உப்பளக் கரையில் ஒரு எளிய தாய், நீதிபதிகளும் கேட்காத கேள்வியைக் கேட்டாள், பருவமடைந்த தன் மகளின் அந்தரங்கத்துக்காக அவள் கண் கலங்கியது என் நெஞ்சை உலுக்கிவிட்டது. என்ன உலுக்கியதோ, நான் கண்ணும் கலங்கவில்லை ஒன்றும் கலங்கவில்லை. கீழே இதயம் இதயமாகக் கொட்டிக் கிடந்தது. வாசலில் மூன்று மொழியில் பலகை இருக்கிறது, மூன்றுமே அவருக்குப் படிக்கத் தெரியும்.

நேராக அவர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "சார், ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடக் கூடாதா?"

"நல்ல விஷயத்துக்குத்தானேம்மா போட்டேன்!" என்றார்.

என் அண்ணனும் இதையேதான் சொல்லுவார். சட்டம் படித்தவர் வாயிலும் உப்பு விற்கிறவர் வாயிலும் வந்தது ஒரே வார்த்தை. ஆனாலும் வக்கீல் நல்லவர், உடனே அந்தப் படத்தை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டதைப் பற்றி, தன் தவறை உணர்ந்ததாக, இன்னொன்று எழுதிப் போட்டார். அதற்கும் இதயம் வந்ததாக அந்தப் பெண் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் போலீஸ் ஸ்டேஷனில் ஏறினேன். அங்கே ஒரு ஏட்டு இருந்தார். பேனர் என்று சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பர்மிஷன் இல்லாம வெச்சா ஒரே நாள்ல கழட்டிப் போட்ருவோம்மா. ரோட்டுக்கு இடைஞ்சல்."

"ரோட்டுக்கு இல்லீங்க, என் பொண்ணுக்கு இடைஞ்சல்" என்று விவரம் சொன்னேன்.

"அது குடும்ப விஷயம், அதுல நாங்க தலையிட முடியாது" என்றவர், பேனாவை மூடிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, "பாப்பா பெரிய மனுஷி ஆயிடுச்சா? சந்தோஷம்மா. பங்ஷன் எப்போ?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டு வந்தேன், வேறு என்ன சொல்லுவது? ரோட்டைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டது ஒன்றுதான் மிச்சம்.

பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கோபத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

போன வருஷம் அண்ணனுக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்தது. பாண்டிச்சேரியில், ஓர் ஆஸ்பத்திரியில். கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அண்ணிக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் திருப்பதி போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பி வரும்போது பெரிய முதலியார்சாவடியில் வண்டியை நிறுத்தி, ஒரு சலூனில் மொட்டை அடித்துக்கொண்டார். மிட்டாய்க்கடை லட்டை வாங்கி ஊரெல்லாம் கொடுத்தார். பிரசாதத்தில் முந்திரியே இல்லையே என்று கேட்டவர்களிடம், இப்போதெல்லாம் மலையில் குறைத்துவிட்டார்கள் என்றார். மொட்டைத் தலையோடு ரப்பர் வளையத்தின் மேல் உட்கார்ந்து, முதுகுவலி என்று சொல்லிக்கொண்டே, குரூப்பில் கோவிந்தா கோவிந்தா என்று போட்டார்.

எனக்கு போனிலேயே வாழ்த்து அட்டை செய்யத் தெரியும், மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். பலூன் போட்ட ஒரு அட்டையை எடுத்தேன். நடுவில் அண்ணன் கும்பிட்டு நிற்கிற படம். மேலே பெரிய எழுத்தில்: எங்கள் அண்ணன் அவர்களுக்கு மூல நோய் அறுவை சிகிச்சை இனிதே நடந்தேறியது என்பதை மட்டற்ற மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அனைவரும் வருக. இவண், அன்புத் தங்கை. உடம்பு சமாச்சாரத்தை ஊருக்குச் சொல்லுவதுதான் பெருமை என்றால் உன் உடம்பிலிருந்தே ஆரம்பிப்போம், குரூப்பில் போடுகிறேன் பார், என்று பல்லைக் கடித்துக்கொண்டே செய்தேன்.

அனுப்புவதற்கு முன் மகளிடம் காட்டினேன். குச்சுக்குள் தட்டும் டம்ளருமாகத் தனியாக உட்கார்ந்திருந்தவள், அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அழிச்சிடும்மா" என்றாள்.

"ஏன்டி? உனக்காகத்தானே செஞ்சேன்!"

"மாமா அசிங்கப்படுவாரும்மா. அவரு யாருக்கும் தெரிய வேணாம்னுதானே மொட்டையெல்லாம் அடிச்சுக்கிட்டாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மொட்ட எதுக்குன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரில இருந்து அப்பா போனுக்கு வீடியோ கால் பண்ணியே, நான்தானே எடுத்தேன். உனக்குப் பின்னாடி மாமா குப்புறப் படுத்துட்டு இருந்தாரு. டாக்டர் பேசுனதும் கேட்டுச்சு."

ஒரு வருஷம்! ஒரு வருஷமாக இவளுக்குத் தெரியும். கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம், அப்பாவிடம் சொல்லியிருக்கலாம், போனில் தாமரையை வைத்துவிட்டுப் போன அன்றைக்காவது மாமாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வக்கீல் அப்போது வந்து படம் எடுத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அட்டையை அவள் எதிரிலேயே அழித்தேன். ஆனால் எழுந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் பேனர்க்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். பிறகு, நான் செய்ததையும் அவள் அழிக்கச் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாதியிலேயே அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார். "ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? இதெல்லாம் ஊருக்குச் சொல்ற விஷயமா?"

"அதையேதான் அண்ணா அவளும் கேக்குறா."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷமே தெரியும். வீடியோ கால்ல பாத்துட்டா. யாருக்காவது சொன்னாளா? உன் குரூப்புல ஒருத்தருக்காவது தெரியுமா? போன் குடுத்தா கெட்டுப் போயிடுவான்னு நீ சொன்ன புள்ள, உன் மானத்த ஒரு வருஷமா வாய்க்குள்ள வெச்சுக் காப்பாத்திட்டிருக்கா. அவளுக்கு ஓலை வெட்டற வரைக்கும்கூட உன் வாய் தாங்கலையே!"

அண்ணன் வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மூலத்துக்கும் அது பொருந்தும் என்று அன்றைக்குப் பார்த்தேன். கடைசியில் போனை எடுத்தார். "தம்பி, பாப்பா போட்டோவை எடுத்துரு. ஆமா, மொத்தமா எடுத்துரு. அந்த நீராட்டு விழான்னு போட்டதையும் எடுத்துரு."

அந்தப் பக்கம், நடுவில் காலியாக இருக்குமே, அங்கே என்ன போடுவது என்று கேட்டிருக்க வேண்டும். அண்ணன் யோசித்தார். பேனரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். மனிதர் அவ்வளவு தூரத்துக்குப் போகக் கூடியவர் இல்லை.

"என் போட்டோ போடு" என்றார்.

அப்படித்தான் அந்தப் பேனர் வந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு அண்ணன், வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பின்னால் அருவி. கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள். தேதி, நேரம், இடம், அனைவரும் வருக. என்ன விசேஷம் என்று ஓர் எழுத்து இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரின் பெரிய படமும் தேதியும் இடமும் மட்டும் ரோட்டில் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அன்று மத்தியானத்திலிருந்தே அண்ணன் வீட்டுக்குப் போன் வர ஆரம்பித்தது. உப்பு லாரி டிரைவர் ஒருவர், "எப்போ எடுக்குறாங்க?" என்று அழுதாராம். "நான்தான்யா பேசறேன்" என்று அண்ணன் கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. யாரோ பேனரைப் படம் பிடித்துக் குரூப்பில் போட, பெருமுக்கல் சித்தப்பா படிக்காமலேயே ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார். இந்த முறை ஊரில் பாதி அவர் பக்கம் இருந்தது. ஏட்டு பர்மிஷன் கேட்டு வந்தாராம், சாவு பேனர் என்று நினைத்து, கருமாதி முடியட்டும் என்று விட்டுவிட்டுப் போனாராம். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். என்னண்ணே விசேஷம், சொல்லேன் என்று டீக்கடையில் ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் டீ வாங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களிடம், "அது எங்க வீட்டு விஷயம்" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சடங்கு வீட்டோடு நடந்தது. வாசலில் அண்ணனே நின்றுகொண்டு, போனை எடுத்தவர்களையெல்லாம் அதட்டி உள்ளே வைக்கச் சொன்னார். பெருமுக்கல் சித்தப்பா பெரிய ரோஜா மாலையோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார், வாசலில் நிற்கிற அண்ணனைப் பார்த்துத் திகைத்து, கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போக முடியாதே என்று அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். அண்ணன் மாலையோடுதான் சீர் கொடுத்தார். என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பொண்ணுக்கு எவ்வளவு வெட்கம் பார், என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சடங்கு முடிந்து அவள் பள்ளிக்கூடம் போன முதல் நாள், நானும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். பேனர் அப்படியே இருந்தது. வெயிலில் அண்ணனின் ஒரு கன்னம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அதற்குக் கீழேதான் பிள்ளைகள் எல்லாம் நின்றார்கள். அவள் வகுப்புப் பெண் ஒருத்தி மேலே பார்த்துவிட்டு, "ஏய், யாருடி இது? செத்துட்டாரா?" என்று கேட்டாள்.

என் மகள் நிமிர்ந்து அந்தப் பெரிய முகத்தைப் பார்த்தாள். "எங்க மாமாடி. சாவல. எனக்குப் பதிலா நிக்கிறாரு" என்றாள்.

பஸ் வந்தது. முதல் ஆளாக ஏறிப் போனாள்.